என்டோலாக் காட்டின் சாட்சிகள்

கரிமூட்டம் போட்டவர் அன்றிரவு தூங்க முடியாது. மண் பூசிய மூட்டத்தில் எங்காவது ஒரு விரிசல் விட்டால் போதும், காற்று புகுந்து உள்ளே இருக்கும் விறகெல்லாம் சாம்பலாகிவிடும். புகையின் நிறம் மாறுகிறதா, எந்தப் பக்கம் கனல் எட்டிப் பார்க்கிறது என்று விடிய விடியக் கவனித்தபடி இருக்க வேண்டும். ராமநாதபுரத்திலும் விருதுநகர்ப் பக்கத்திலும் வேலிக்கருவேல் மூட்டம் போடுகிறவர்களுக்கு இது தெரியும். ஆப்பிரிக்காவில் இன்றைய ஜாம்பியாவின் செம்புச் சுரங்க வட்டாரத்தில், என்டோலா நகருக்கு மேற்கே இருந்த காட்டிலும் இதே தொழில் நடந்துவந்தது. 1961 செப்டம்பர் 17 இரவு அந்தக் காட்டில் விழித்திருந்தவர்கள் கரிமூட்டக்காரர்கள்தான். இருட்டில் நெருப்பைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்கள் அவர்களுடையவை. அந்தக் கண்களை நம்பலாமா கூடாதா என்பதுதான் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கும் ஒரு விசாரணையின் மையம்.

நள்ளிரவு கடந்து பத்து நிமிடம். என்டோலா விமான நிலையத்தின் மேலே வந்த டிசி-6பி ரக விமானத்திலிருந்து, விளக்குகள் தெரிகின்றன, இறங்குகிறோம் என்று விமானி தெரிவித்தார். அதற்குப் பின் அந்த விமானத்திலிருந்து குரல் வரவில்லை. நிலையத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி, மரங்களை வரிசையாகச் சாய்த்துக்கொண்டு போய் விழுந்து எரிந்தது. உள்ளே 16 பேர். அவர்களில் ஒருவர் ஐ.நா. பொதுச் செயலாளர் டாக் ஹாமர்ஷெல்ட்.

அவர் அங்கே போனதன் காரணத்தைச் சொல்லாமல் அடுத்து நடந்தது புரியாது. 1960இல் விடுதலை பெற்ற காங்கோவிலிருந்து, சுரங்க வளம் மிக்க கட்டாங்கா மாகாணம் சில நாட்களிலேயே பிரிந்துகொண்டது. பெல்ஜியச் சுரங்க முதலாளிகளும் கூலிப்படையினரும் அதன் பின்னால் நின்றார்கள். 1961 செப்டம்பர் 13 அன்று ஐ.நா. படை அந்தக் கூலிப்படையை வெளியேற்ற முயன்றபோது சண்டை மூண்டது. அதை நிறுத்தக் கட்டாங்காவின் தலைவர் ஷோம்பேயை என்டோலாவில் சந்திப்பதாக ஏற்பாடு. என்டோலா அப்போது பிரிட்டனின் ஆளுகையில் இருந்த வடக்கு ரொடீஷியாவில், வெள்ளையர் ஆட்சி நடத்திய மத்திய ஆப்பிரிக்கக் கூட்டாட்சிக்குள் இருந்தது. அந்தக் கூட்டாட்சியின் பிரதமர் ராய் வெலென்ஸ்கி, ஷோம்பேயிடம் அனுதாபம் கொண்டவர். விபத்தை முதலில் விசாரித்ததும் அந்த அரசுதான்.

விமானம் வரவில்லை என்று தெரிந்தும் யாரும் தேடக் கிளம்பவில்லை. ஷோம்பேயுடன் காத்திருந்த பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஆல்போர்ட் பிரபு, பொதுச் செயலாளர் மனம் மாறி வேறெங்கோ போயிருப்பார் என்று கருதினார். வானத்தில் சிவப்பு ஒளி பரவியதைக் காவல் அதிகாரி ஒருவர் கண்டார். அது விமான நிலைய மேலாளர் காதுக்கு எட்டியது. விடியட்டும், பார்க்கலாம் என்றார்கள். விடிந்த பிறகும் மெத்தனம்தான். மறுநாள் பிற்பகல் மூன்று மணி கடந்துதான் சிதைவுகள் ‘கண்டுபிடிக்கப்பட்டன’ என்கிறது அரசுப் பதிவு.

முதல் முரண்பாடு இங்கேயே தொடங்குகிறது. அருகிலிருந்த ட்வாப்பியா குடியிருப்பின் செயலாளர் டிமதி கன்காசா. பிற்காலத்தில் ஜாம்பிய அரசில் அமைச்சரானவர். மூட்டக்காரர்கள் காலையிலேயே ஓடிவந்து விமானம் விழுந்து கிடப்பதைச் சொன்னார்கள், நான் உடனே காவல் நிலையத்துக்குத் தெரிவித்தேன் என்று அவர் உறுதியாகச் சொன்னார். காலைக்கும் பிற்பகல் மூன்றுக்கும் நடுவே இருப்பது ஒரு மனித உயிர். ஐ.நா. பாதுகாப்பு அதிகாரியான அமெரிக்கர் ஹரால்ட் ஜூலியன் தீக்காயங்களோடு, வெயிலில், உயிரோடு கிடந்தார். மீட்கப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர் செப்டம்பர் 23 அன்று இறந்துபோனார். இந்த ஒரு விவரத்தைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது. விபத்தின் காரணம் எதுவாக இருந்தாலும், அந்தத் தாமதத்துக்கு மன்னிப்பு இல்லை.

விசாரணைகள் மூன்று நடந்தன. முதலில் கூட்டாட்சியின் விமானப் போக்குவரத்துத் துறை. அடுத்துத் தலைமை நீதிபதி ஜான் கிளேடன் தலைமையில் ரொடீஷிய விசாரணை ஆணையம். பின்னர் நேபாளத்தின் ரிஷிகேஷ் ஷா தலைமையில் ஐ.நா.வின் ஆணையம். சாட்சிகள் வந்தார்கள். பெரிய விமானத்தின் மேலே சிறிய விமானம் ஒன்று பறந்தது என்றார் ஒருவர். மேலேயிருந்து ஒளி பாய்ந்தது, பிறகு பெரியது தீப்பிடித்தது என்றார் மற்றொருவர். ஒரே விமானம்தான் என்றவர்களும் உண்டு. இரண்டு என்றவர்கள் உண்டு, அதற்கு மேலும் சொன்னவர்கள் உண்டு. தீ விழுவதற்கு முன்பா பின்பா என்பதில் ஒருவர் சொன்னது மற்றவருக்கு ஒத்துவரவில்லை. நேரமும் திசையும் பொருந்தவில்லை.

முரண்பாடு இருந்தது என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. அந்த முரண்பாட்டை வைத்து என்ன செய்தார்கள் என்பதுதான் என் கேள்வி. ரொடீஷிய ஆணையம் அதை ஒதுக்கித் தள்ளும் காரணமாக எடுத்துக்கொண்டது. ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதோடு ஒட்டவில்லை, ஆகவே எதையும் பொருட்படுத்த வேண்டியதில்லை என்ற போக்கு. பிப்ரவரி 1962இல் வந்த அறிக்கை, விமானி தேவைக்கு மேல் தாழ்வாக இறங்கியதே காரணம் என்று முடித்தது. ஐ.நா. ஆணையம்கூட இந்த விஷயத்தில் முழுக்க வேறுபட்டு நிற்கவில்லை. அதன் ஆலோசகர் ஒருவரே, ஆப்பிரிக்கச் சாட்சிகள் சொல்வதில் உண்மை எது கற்பனை எது என்று பிரிப்பது கடினம், சிறிய விமானக் கதையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்ற பொருளில் குறிப்பு எழுதினார். ஆனால் அந்த ஆணையம் ஏப்ரல் 1962இல் தந்த முடிவு நேர்மையானது. நாசவேலையையோ தாக்குதலையோ நிரூபிக்கவும் முடியவில்லை, விலக்கவும் முடியவில்லை என்றது. அதே ஆண்டு அக்டோபரில் பொதுச்சபை ஒரு தீர்மானம் போட்டது: புதிய சான்று எது வந்தாலும் பொதுச் செயலாளர் சபைக்குத் தெரிவிக்க வேண்டும். கதவைப் பூட்டாமல் சாத்தி மட்டும் வைத்தார்கள். அதனால்தான் இன்று இதைப் பற்றி எழுத ஏதாவது இருக்கிறது.

அன்று சாட்சிக் கூண்டில் நின்றவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். தன்னை விசாரிப்பது தான் பயப்படும் அதே போலீஸ். பலர் தாய்மொழியில் சொல்வது ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்க வழியில்லை. சிதைவுகளுக்கு நடுவே கிடந்த சங்கேத எந்திரம் ஒன்றை எடுத்துச் சென்ற மூட்டக்காரர்கள் திருட்டு வழக்கில் சிறைக்குப் போனார்கள். அதைப் பார்த்த மற்றவர்கள் எதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டால் வியப்பில்லை. பயந்துதான் அப்போது சொல்லவில்லை என்று பிற்காலத்தில் சிலர் சொன்னார்கள். கன்காசாவோ கூட்டாட்சியை எதிர்த்த அணியைச் சேர்ந்தவர். அந்த அரசு நியமித்த ஆணையம் அவர் சொல்லை எந்தக் காதால் கேட்டிருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். அந்த விமானத்தில் கருப்புப் பெட்டி கிடையாது. அந்தக் காலத்தில் அது கட்டாயமாகவில்லை. கட்டுப்பாட்டு அறையில் விமானியோடு நடந்த பேச்சுக்கும் ஒலிப்பதிவு இல்லை. பின்னர் குறிப்புகளையும் நினைவையும் வைத்து எழுதிய பதிவுதான் இருந்தது. அதாவது கட்டுப்பாட்டு அதிகாரி தந்ததும் நினைவுதான், மூட்டக்காரர் தந்ததும் நினைவுதான். ஒன்று காகிதத்தில் இருந்ததால் ஆவணமாயிற்று. மற்றது வாயில் இருந்ததால் கதையாயிற்று.

நிபுணர் சாட்சியம் எப்படி மதிக்கப்பட்டது என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. உருகிய உலோகத்தில் குண்டு இருக்கிறதா என்று ஆராய ஸ்விட்சர்லாந்திலிருந்து மாக்ஸ் ஃப்ரை-சுல்சர் வரவழைக்கப்பட்டார். குண்டு இல்லை என்றார், ஏற்றுக்கொள்ளப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று வந்த போலிகளின் கையெழுத்து அசல்தான் என்று சான்றளித்த வல்லுநர்களில் இவரும் ஒருவர். என்டோலாவில் அவர் தவறினார் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. படித்தவர் என்பதால் ஒருவர் சொல் கேள்வியின்றி எடைபெற்றது, படிக்காதவர் சொல் கேள்வியோடுகூட எடைபெறவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஜூலியனின் கதையும் இப்படித்தான். உயிர் பிழைத்த ஒரே ஆள், விமானத்துக்குள் இருந்த ஒரே சாட்சி. விமானம் வெடித்தது என்றார். மிகுந்த வேகம் என்றார். வானில் தீப்பொறி என்று அவர் சொன்னதைச் செவிலியர் ஒருவர் கேட்டார். மயக்க மருந்தில் பிதற்றினார் என்று ஆணையம் அதை மதிக்கவில்லை. அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களில் ஒருவர், அவர் தெளிவாகத்தான் பேசினார் என்று அரை நூற்றாண்டு கழித்து எடுத்துரைத்தார். அந்த வார்த்தைகளை அப்போதே ஒழுங்காகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தால்!

விமானி பிழை என்ற முடிவு வெறும் காழ்ப்பில் பிறந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சக்கரங்கள் இறக்கப்பட்டிருந்தன. இறங்குவதற்கு ஏற்ற நிலையில் இறக்கை மடிப்புகள் இருந்தன. நான்கு இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. மரங்களை வெட்டிய தடம் சாய்வு குறைந்த நீண்ட தடம். தறிகெட்டு விழுந்த விமானம் போடும் தடம் அப்படி இருக்காது. காங்கோவில் தூதராக இருந்த ஸ்வீடன்காரர் பெங்ட் ரோசியோ 1993இல் தம் நாட்டு அரசுக்காக மீண்டும் ஆராய்ந்து, விமானிதான் உயரத்தைத் தவறாகக் கணித்தார் என்ற முடிவுக்கே வந்தார். இருட்டில் ஒரே விமானத்தின் இறங்கு விளக்கும் மின்னும் விளக்கும் இரண்டு விமானங்களாகத் தோன்றவும் கூடும். அதையும் ஒதுக்க முடியாது.

இடைப்பட்ட காலத்தில் உலகம் சாட்சிகளைப் பற்றி நிறையக் கற்றுக்கொண்டது. 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கின் குடியிருப்புப் பகுதியில் ஏர்பஸ் ஏ300 ஒன்று விழுந்தது. பட்டப்பகல். தரையிலிருந்து பார்த்தவர்கள் சுமார் 350 பேரின் வாக்குமூலங்களை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தொகுத்தது. பாதிக்கு மேற்பட்டவர்கள் வானிலேயே தீயைக் கண்டதாகச் சொன்னார்கள்; ஐந்தில் ஒருவர் தீயே இல்லை என்றார். வலப்பக்கம் திரும்பியது என்றவர்களும் இடப்பக்கம் திரும்பியது என்றவர்களும் தலா 18 சதவீதம். ஏதோ ஒரு பகுதி கழன்று விழுந்தது என்றவர்கள் 57 சதவீதம். நடந்தது என்ன? வால் பகுதியின் செங்குத்துத் துடுப்பு கழன்று விழுந்தது. தீயிலிருந்து விபத்து தொடங்கவில்லை. பெரும்பான்மை தீயைப் பற்றிச் சொன்னது காரணத்தைக் காட்டவில்லை. ஆனால் கழன்று விழுந்ததைப் பற்றிச் சொன்னது சரி. ஒரே கூட்டத்தின் வாயிலிருந்து இரண்டும் வந்தன.

1996இல் நியூயார்க்குக்கு அருகே வானில் வெடித்துக் கடலில் விழுந்த டிடபிள்யூஏ 800 விமானத்திலும் இதே பாடம். ஒளிக்கோடு ஒன்று மேலே ஏறியதைப் பார்த்தோம், ஏவுகணைதான் என்று பலர் நம்பினார்கள். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். பத்து கிலோமீட்டருக்கு அப்பால் நடந்த வெடிப்பின் சத்தம் வந்துசேர அரை நிமிடம் ஆகும். சத்தம் கேட்டுத் தலை நிமிர்ந்தவர் காண்பது வெடிப்புக்குப் பின் நடப்பதை. மனமோ அதை வெடிப்புக்கு முன் நடந்ததாக அடுக்கிக்கொள்கிறது. சாட்சி பொய் சொல்லவில்லை. அவர் கண்டது உண்மை. கண்டதன் வரிசை மாறிவிட்டது. இதை அறிந்த விசாரணையாளர் ‘எது முதலில், எது பின்னால்’ என்று வற்புறுத்தமாட்டார். எங்கே நின்றீர்கள், எந்தப் பக்கம் பார்த்தீர்கள், சத்தம் எப்போது கேட்டது என்று கேட்பார். அவர் சொல்வதைத் தொலைவோடும் திசையோடும் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

கருப்புப் பெட்டி வந்துவிட்டதே, இனி மனிதச் சாட்சி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் நடந்த விமான விபத்தை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். எரிபொருளை ஏன் நிறுத்தினீர்கள் என்று விமானி ஒருவர் கேட்டதும், நான் நிறுத்தவில்லை என்று மற்றவர் சொன்னதும் ஒலிப்பதிவில் இருப்பதாக முதற்கட்ட அறிக்கை தெரிவித்தது. கருவி வந்த பிறகும் சாட்சியங்களின் முரண் ஒழியவில்லை. விமானி அறைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது.

என்டோலாவுக்கு வருவோம். ஸ்வீடன்காரர் யோரான் பியோர்க்டால் அந்த வட்டாரத்தில் தேடிப்போய், உயிரோடிருந்த முதியவர்களைப் பேசவைத்தார். 2011இல் சூசன் வில்லியம்ஸின் ‘ஹாமர்ஷெல்டைக் கொன்றது யார்?’ நூல் வந்தது. அதன் தூண்டுதலில் பிரிட்டிஷ் நீதிபதி ஸ்டீபன் செட்லி தலைமையில் நான்கு சட்ட அறிஞர்கள் தாங்களாகவே ஓர் ஆணையமாகக் கூடி, 2013இல் என்டோலாவுக்கே போய்ச் சாட்சிகளைச் சந்தித்தார்கள். அதன் அறிக்கைக்குப் பின் ஐ.நா. மீண்டும் அசைந்தது. தான்சானியாவின் தலைமை நீதிபதி முகமது சாண்டே ஒத்மான் தலைமையில் 2015இல் ஒரு குழு; பிறகு அவரையே தொடர்ந்து ஆராயும் பொறுப்பில் அமர்த்தினார்கள்.

2015 குழு செய்த வேலையின் முறைதான் என்னைக் கவர்ந்தது. ஒவ்வொரு சாட்சியத்துக்கும் எடை போட்டார்கள்: மதிப்பில்லை, குறைவு, நடுத்தரம், வலுவானது என்று. ஒன்றுக்கு மேற்பட்ட விமானங்கள் பறந்தன, பெரியது தரையைத் தொடுமுன்பே தீப்பிடித்திருந்தது என்று சொன்ன புதிய சாட்சிகள் பலரது கூற்றுக்கு நடுத்தர மதிப்பு கிடைத்தது. 1962இல் ஒட்டுமொத்தமாகத் தள்ளப்பட்ட வகைச் சொல் அது. ஒருவர் மூன்று விமானம் என்று சொன்னதால் இரண்டு என்று சொன்னவரைத் தூக்கி எறியவில்லை. அவரவர் நின்ற இடம், பார்த்த பொழுது, யாரிடமும் கேளாமல் தாமே சொன்னதா என்று தனித்தனியாகப் பார்த்தார்கள்.

இதில் மனதை அறுக்கும் ஒன்று இருக்கிறது. கேட்கத் தெரிந்தவர்கள் வந்தபோது நினைவுக்கு ஐம்பது வயது ஆகிவிட்டிருந்தது. இளைஞர்களாக மூட்டத்தின் பக்கத்தில் நின்றவர்கள் எழுபது, எண்பது வயதில் சொன்னார்கள். அதற்குள் எத்தனை பேர் சொல்லி எத்தனை முறை கேட்டிருப்பார்கள்! ஊர்ப் பேச்சும் செய்தித்தாளும் சொந்த நினைவோடு கலந்திருக்கும். நினைவு புதிதாக இருந்த நாளில் கேட்பவருக்கு மனமில்லை. மனம் வந்த நாளில் நினைவு மங்கிவிட்டது. நடுத்தர மதிப்புக்கு மேல் போகாததற்கு இந்தக் காலதாமதமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். கன்காசாவின் மனைவியும் பின்னாளில் ஜாம்பியாவின் அமைச்சருமான சிபேசா கன்காசா தாம் கண்டதைக் கடைசிவரை சொல்லிவந்தார், 2018இல் மறைந்தார்.

காட்டுக்கு வெளியேயும் சாட்சிகள் இருந்தார்கள். சைப்ரஸில் அமெரிக்க ஒட்டுக்கேட்பு நிலையத்தில் இருந்த கடற்படை அதிகாரி சார்ல்ஸ் சவுத்ஹால், ஒரு விமானி தாக்குவதையும் விமானம் எரிந்து விழுவதையும் விவரிக்கும் பதிவை அன்றிரவு கேட்டதாகச் சொன்னார். அவர் சொன்னது மெய்யா என்று சோதிக்க ஒரே வழி அந்தப் பதிவுகளைத் திறப்பதுதான். செட்லி ஆணையம் கேட்டபோது, சம்பந்தப்பட்ட ஆவணங்கள் தேசியப் பாதுகாப்பின் பெயரால் மறுக்கப்பட்டன. கட்டாங்காவிடம் இருந்த ஒரே போர் விமானத்தால் என்டோலா வரை வந்திருக்க முடியாது என்ற 1962ஆம் ஆண்டு வாதமும் ஆட்டம் கண்டுவிட்டது. கட்டாங்காப் படையிடம் வேறு விமானங்களும், பயன்படுத்தத்தக்க வேறு ஓடுதளங்களும் இருந்தன என்று ஒத்மான் காட்டினார். மூட்டக்காரர்களின் சிறிய விமானம் அவ்வளவு அசாத்தியமானதாக இப்போது தெரியவில்லை.

ஒத்மான் 2017இல் எழுதியது இந்த வழக்கின் திசையையே திருப்பியது. நிரூபிக்கும் பொறுப்பு இனி உறுப்பு நாடுகளிடம் இருக்கிறது; தங்கள் உளவு, பாதுகாப்பு, இராணுவ ஆவணங்களை முழுமையாகத் தேடினோம் என்று அவர்கள்தான் காட்ட வேண்டும் என்றார். 1962இல் அந்தப் பொறுப்பை ஒரு கரிமூட்டக்காரர் தலையில் வைத்திருந்தார்கள். ஆண்டுக் கணக்கில் காட்டில் இரவுகளைக் கழித்தவரைப் பார்த்து, நீ கண்டதை நிரூபி என்று கேட்டார்கள். இன்று அதே கேள்வி லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் பிரிட்டோரியாவுக்கும் போகிறது. வெளித்தாக்குதலோ அச்சுறுத்தலோ காரணமாக இருந்திருக்கக்கூடும் என்று 2019இலும் 2022இலும் ஒத்மான் திரும்பவும் சொன்னார். முக்கியத் தகவல்கள் சில நாடுகளிடம் இன்னும் வெளிவராமல் இருக்க வாய்ப்பு மிகுதி என்றும் சொன்னார். பொதுச்சபை அவருடைய பணியை நீட்டித்தபடி இருக்கிறது. விவரமான பதில் தராத நாடுகளுக்கு மறுபடி மறுபடி கடிதம் போகிறது.

வடக்கு ரொடீஷியா 1964இல் ஜாம்பியா ஆனது. விழுந்த இடத்தில் நினைவுச் சின்னமும் சிறிய அருங்காட்சியகமும் இருக்கின்றன. 2021இல் என்டோலாவுக்குப் புதிய பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டபோது, அது நகருக்கு மேற்கே அந்த நினைவிடம் இருக்கும் பக்கத்திலேயே அமைந்தது. கரிமூட்டம் அந்த நாட்டில் இன்னும் பலருக்குப் பிழைப்பு. 1961இல் விழித்திருந்தவர்களில் எஞ்சியிருப்போர் மிகச் சிலர். அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள இப்போது ஆட்கள் இருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய காகிதங்கள் மட்டும் வரவேண்டியிருக்கிறது. அவற்றை வைத்திருக்கும் அரசுகள் அந்தச் சிலர் உயிரோடிருக்கும்போதே தர வேண்டும்.